ஆரும் ஒன்றும் கேளாத வீடு

ஸ்ரௌவ்வில், கனடா
14 செப்ரெம்பர் 2024

அன்புத் தம்பி கஸ்பருக்கு,

மாதாவின் துணையால் இங்கே எல்லோரும் சுகம். எனக்குத்தான் பிரஷர் ஏறி இறங்குகிறது. அதுவும் என்னைப்போல, ஓரிடத்தில் இருக்காது. நீயும் ரதியும் சுகமா? ரதியின் முழங்கால் நோ எப்படி?

கடிதம் எழுதச் சொன்னாய், எழுதுகிறேன். "அக்கா, நீங்கள் போனை ஸ்பீக்கரிலை போட்டிட்டுக் கறி காய்ச்சுறியள். நான் இஞ்சை தும்மினால் பிக்கரிங்கிலை ஆரோ ஆவி பிடிக்கச் சொல்லுகினம்" என்று போன மாதம் ஏசினாய். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அறுபத்து மூன்று வயதில் பேனை பிடிக்க விரல் உளைகிறது. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். மகள் செரீனா இந்த வீட்டுப் படி மிதித்துப் பதினாறு மாதம். அவளுக்கு டிவோர்ஸ் ஆன அதே மாதம் மகன் மரியோவின் மகளுக்கு இங்கே முதல்நன்மைக் கொண்டாட்டம் வந்தது. எண்பது பேரைக் கூப்பிட்டிருந்தோம். அருள்நாயகம் அண்ணையை உனக்குத் தெரியும்தானே, மனிசி செத்த பிறகு பிக்கரிங்கில் தனியாக இருக்கிறவர், கிழமைக்கு ஆறு வீடு ஏறி இறங்குகிறவர். அவர் சாப்பாட்டு லைனில் நின்றபடி, எல்லோருக்கும் கேட்கத்தக்கதாக, "ஏன் பிள்ளை அவன் விட்டிட்டுப் போனவன்? நீ ஏதும் வாய் காட்டினனியோ?" என்றார். அவரைத் தொடர்ந்து மற்றவர்கள். நானும் தடுக்கவில்லை, சிரித்துச் சமாளித்தேன். பிள்ளை சாப்பாட்டுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போனவள்தான்.

ஒஷாவாவில் தனியாக இருக்கிறாள். ஆஸ்பத்திரியில் ஸ்கான் எடுக்கிற வேலை. இங்கிருந்து நாற்பது நிமிட ஓட்டம். போன ஞாயிறு அழுதே கேட்டுவிட்டேன். "நான் என்ன செய்தால் வருவாய்?" என்றேன். "மாமா வீட்டை மாதிரி இருந்தால் வருவன் அம்மா" என்றாள். 2015இல் உன்னிடம் வந்து ஒரு கிழமை நின்றாளே, அதை இன்னும் சொல்கிறாள்.

அப்படி என்னடா செய்தாய் என் பிள்ளைக்கு? எனக்கும் சொல்லித் தா. இந்த டிசெம்பர் நத்தாருக்கு அவள் என் மேசையில் இருக்க வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

ரதியை மிகவும் விசாரித்ததாகச் சொல்லு.

விரல் உளைவோடு,
அக்கா பேர்ணடெற்


ஹெர்னிங், டென்மார்க்
1 ஒக்ரோபர் 2024

அன்பு அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. கடவுள் கிருபையால் நான் சுகம். இங்கே நேற்று மழை, இன்று மழை, நாளைக்கும் மழையாம். ஆகவே இனிமேல் வானிலை பற்றி எழுதமாட்டேன். பிரஷர்க் குளிசையை நேரத்துக்குப் போடுங்கள்.

செரீனாவுக்கு நாங்கள் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. செய்யாமல் விட்டதுதான் அவளுக்குப் பிடித்திருக்க வேண்டும். டேனிஷ்காரரிடம் ஒரு சொல் இருக்கிறது, ஹூக என்று. தமிழில் அதை என்ன சொல்வதென்று முப்பத்திரண்டு வருடமாக யோசிக்கிறேன். ஆறுதல் என்றால் செத்த வீட்டு வாசனை வருகிறது. சுகம் என்றால் ஆஸ்பத்திரி வாசனை. எனவே செய்முறையை மட்டும் எழுதுகிறேன், நீங்கள் கறிக்குச் சொல்லித் தருவதுபோல.

பெரிய லைற்றை எல்லாம் நிப்பாட்டுங்கள். எங்கள் ஆட்களின் வீட்டில் இருக்கிற வெளிச்சத்தில் ஒப்பரேஷன் செய்யலாம். மெழுகுதிரி இரண்டு மூன்று கொளுத்துங்கள். கோப்பியோ தேத்தண்ணீரோ, வீட்டில் செய்த ஏதாவது இனிப்பு. ஆட்கள் நாலு பேருக்கு மேல் கூடாது. ரிவி வேண்டாம். போன் அடுத்த அறையில் கிடக்கட்டும். அரசியல், காசு, வருத்தம், ஊர்ப் புதினம் ஒன்றும் கதைப்பதில்லை. எல்லாவற்றையும்விட முக்கியம், கேள்வி கேட்கக் கூடாது. ஆள் தானாகச் சொன்னால் காது கொடுக்கலாம். சொல்லாவிட்டால் இன்னொரு கோப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும்.

நான் வேலை செய்கிற வயோதிபர் இல்லத்தில் தினமும் பின்னேரம் மூன்று மணிக்கு யன்னலோரத்து வட்ட மேசையில் இதுதான் நடக்கும். நாலு பேர், ஒரு மெழுகுதிரி, வெளியே மழை. அரைமணித்தியாலம் ஒருவரும் ஒன்றும் பேசுவதில்லை. ஆனால் எழும்பிப் போகவும் ஒருவருக்கும் மனம் வராது.

செரீனாவைக் கட்டாயம் கூப்பிடுங்கள். வருவாள்.

அன்புடன்,
தம்பி கஸ்பர்


ஸ்ரௌவ்வில்
14 ஒக்ரோபர் 2024

அன்புத் தம்பிக்கு,

சுகம். உன் சுகத்துக்கும் செபிக்கிறேன். நீ ரதியின் முழங்கால் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. ஒப்பரேஷன் ஏதும் சொன்னார்களா?

உன் செய்முறையை மரியோவின் மனைவி அனோஜாவுக்கு வாசித்துக் காட்டினேன். "மாமி, உதைக் கடையிலை விக்கிறாங்கள். போர்வையும் மெழுகுதிரியும் ஒரு பெட்டியிலை, நாப்பது டொலர்" என்றாள். எனக்கு விசர் வந்தது. பேசாமல் இருப்பதற்கு நாற்பது டொலரா?

உன்னிடம் சில சந்தேகம். நாலு பேருக்கு மேல் கூடாது என்கிறாய். எனக்கு நாலு பேருக்குச் சமைக்கத் தெரியாதடா, என் சட்டிகளுக்கும் தெரியாது. அடுத்தது, கேள்வி கேட்காமல் எப்படி ஒரு ஆளில் அன்பு காட்டுவது? "சாப்பிட்டியோ" என்பதும் கேள்விதானே? அது கேட்கலாமா, கூடாதா? எழுதி அனுப்பு.

நல்ல செய்தி ஒன்று. நவம்பர் மூன்றாம் திகதி ஞாயிறு, நாலு மணி. மரியோ குடும்பம் பிள்ளைகளின் நீச்சல் வகுப்புக்குப் போய்விடும். "நானும் நீயும் மட்டும்தான், வேறை ஒருத்தரும் இல்லை" என்று செரீனாவிடம் சொன்னேன். "ஷுவரா அம்மா?" என்று மூன்று தரம் கேட்டாள். மூன்று தரமும் ஓம் என்றேன். வருகிறாளாம். அன்று முழுக்க வீட்டுக்குள் பாட்டுப் பாடிக்கொண்டு திரிந்தேன்.

ரதி அங்கே அப்பிள் போட்டு ஒரு கேக் செய்து கொடுத்தவவாம். செரீனா இன்னும் அதைச் சொல்கிறாள். அளவுகளை அவவிடம் கேட்டு எழுது.

சந்தோஷத்தோடு,
அக்கா


ஹெர்னிங்
24 ஒக்ரோபர் 2024

அன்பு அக்காவுக்கு,

நலம். மூன்றாம் திகதிக்கு முன் இது உங்கள் கையில் கிடைக்க வேண்டும் என்பதால் சுருக்கமாக எழுதுகிறேன்.

"சாப்பிட்டியோ" கேட்கலாம். அதற்கு மேல் போகாதீர்கள்.

கேக்: அப்பிளை மெல்லிசாக வெட்டி, சீனியும் கறுவாத்தூளும் பிரட்டி, மாவுக்கு மேலே அடுக்கி அவிய விட வேண்டும். அளவு எழுதிய கொப்பி இப்போது இங்கே இல்லை. உங்கள் கைக்கு அளவு தெரியும்.

மெழுகுதிரி மூன்று போதும். அக்கா, மூன்று. உங்களை எனக்குத் தெரியும்.

அன்புடன்,
கஸ்பர்


ஸ்ரௌவ்வில்
6 நவம்பர் 2024

தம்பி கஸ்பருக்கு,

உடம்பு சுகம். மனம் சுகமில்லை.

நீ மூன்று என்றாய். கல்லறைத் திருநாளுக்கு வாங்கின மெழுகுதிரிப் பெட்டியில் மிச்சம் கிடந்தது. மூன்று எந்த மூலைக்குக் காணும் என்று இருபத்தாறு கொளுத்தினேன். உன் அத்தானின் படத்துக்கு முன்னாலும் நாலு வைத்தேன், பாவம், அந்த மனிசனும் எங்களோடு சேர்ந்து இருக்கட்டும் என்று. லைற் எல்லாம் நிப்பாட்டி, மூன்று மணிக்கே சோபாவில் கைகட்டி இருந்து பேசாமல் இருக்கப் பழகினேன்.

மூன்றரைக்கு அருள்நாயகம் அண்ணை வந்துவிட்டார். "இவ்விடத்தாலை போனனான்" என்பார், ஆனால் இவ்விடத்தால் ஒருவரும் எங்கேயும் போவதில்லை. கதவு பூட்டியிருக்கவில்லை. மனிசன் யன்னலால் பார்த்திருக்கிறார். வீடு இருட்டு, மெழுகுதிரி, மாலை போட்ட படம், மனிசி கைகட்டிக்கொண்டு இருக்கிறா. சப்பாத்தைக் கழற்றினார், உள்ளே வந்தார், ஒன்றும் சொல்லாமல் முழங்காலில் நின்று செபமாலை தொடங்கினார்.

நான் என்ன செய்ய வேண்டும்? "என்னண்ணை, என்ன விஷயம்?" என்று கேட்க வேண்டும். ஆனால் நீதான் கேள்வி கேட்கக் கூடாது என்றாயே! கல்லறை மாதம், ஆத்துமங்களுக்குச் செபிக்கிறார் போல என்று நானும் முழங்காலில் நின்று பதில் செபம் சொன்னேன். அது அவருக்கு உறுதியாகிப் போயிற்று. செபமாலையின் ஒரு காரணிக்கத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில், பொக்கெற்றுக்குள் கையை விட்டு வாட்ஸ்அப் குறூப்பில் போட்டிருக்கிறார்: "பேர்ணடெற் வீட்டில் இழவு. ஆர் எண்டு கேட்கேலாமல் கிடக்கு. மனிசி வாய் திறக்கிறா இல்லை."

நாலு மணிக்கு வாசலில் பதினொரு கார். இடியப்பம், சொதி, தேத்தண்ணிப் போத்தல், ஆளுக்கொரு ட்ரே. ஒருத்தி வாசலில் இருந்தே ஒப்பாரி வைத்துக்கொண்டு வந்தாள். "ஆர்? ஆர்?" என்று கேட்கிற சத்தத்துக்குள், ஒருத்தரும் சாகவில்லை என்று நான் கத்தினது ஒருவருக்கும் கேட்கவில்லை.

செரீனாவின் கார் வளைவில் திரும்பினதை யன்னலால் கண்டேன். கார்களின் வரிசையைப் பார்த்தாள். இறங்கவில்லை. அப்படியே பின்னுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பிறகு போனில் ஒரு வரி: "ப்ராமிஸ் பண்ணினீங்கள் அம்மா."

நான் எடுத்தால் இப்போது போன் எடுப்பதில்லை. என்ன செய்வது, சொல்லு. ரதியிடமும் கேள். அவவுக்கு என் பிள்ளையின் மனம் தெரிந்திருந்தது.

அக்கா


ஹெர்னிங்
27 நவம்பர் 2024

அன்பு அக்காவுக்கு,

நலம். உங்கள் ஊரில் தபால்காரர்கள் வேலைநிறுத்தமாம், கனடாவுக்குக் கடிதம் எடுக்கமாட்டோம் என்று இங்கே திருப்பித் தந்துவிட்டார்கள். கலியாண வீட்டுக்கு ரொறன்ரோ வருகிற றமேஸின் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். அவர் திறந்து பார்க்கமாட்டார், பசை போட்டு ஒட்டியிருக்கிறேன்.

உங்கள் கடிதத்தைப் பஸ்ஸில் வாசித்துச் சிரித்தேன். இருபத்தாறு! பக்கத்தில் இருந்த டேனிஷ் மனிசி எழும்பி வேறு சீற்றுக்குப் போனா. செரீனா திரும்பிப்போன இடம் வந்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன்.

அக்கா, நான் எழுத மறந்தது ஒன்று இருக்கிறது. இந்த ஊரில் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் சும்மா போவதில்லை. இரண்டு கிழமைக்கு முதலே நாள் குறிப்பார்கள். குறித்த ஆட்கள் உள்ளே வந்த பிறகு கதவு பூட்டு. மற்றவர்கள் வெளியே. அதைச் செய்யாமல் மெழுகுதிரி மட்டும் கொளுத்திப் பயனில்லை. வாசலில் நிற்கிறவரைத் திருப்பி அனுப்பிப் பழக்கமில்லாத ஆள் நீங்கள். எங்கள் அம்மாவும் அப்படித்தான். ஆனால் செரீனா பயப்படுவது உங்களுக்கு அல்ல, உங்கள் கதவுக்கு. ஒரே ஒரு பின்னேரம் அதைப் பூட்டி வையுங்கள். ஆர் வந்து அடித்தாலும் திறக்காதீர்கள்.

உங்களால் முடியுமா என்பது எனக்குத் தெரியாது.

நத்தார் வாழ்த்துக்கள். மரியோவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

கஸ்பர்


ஸ்ரௌவ்வில்
29 டிசெம்பர் 2024

என் செல்லத் தம்பிக்கு,

பாலன் பிறப்பின் சமாதானம் உனக்கும் ரதிக்கும் கிடைப்பதாக. நான் நல்ல சுகம். பிரஷர்கூட இறங்கிவிட்டது. வந்தாளடா!

மரியோ குடும்பம் இருபத்தாறாம் திகதி மொன்றியலுக்கு அனோஜாவின் தாய்வீடு போனது. நான் செரீனாவுக்கு எழுதி அனுப்பினேன்: "ஆர் வந்தாலும் கதவு திறக்கமாட்டன். மாதா மேலை சத்தியம்." ஒரு நாள் முழுக்கப் பதில் இல்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலரைக்கு, இருட்டுப்படுகிற நேரம், பெல் அடிக்காமல் கராஜ் கதவால் உள்ளே வந்தாள். மெலிந்து போனாள். கேட்கவில்லை. தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருக்கிறாள். அதையும் கேட்கவில்லை. "சாப்பிட்டியோ" என்று மட்டும் கேட்டேன்.

மூன்று மெழுகுதிரி. எண்ணினேன், மூன்றுதான். அப்பிள் கேக் களிமண்மாதிரி வந்தது. இரண்டு துண்டு சாப்பிட்டாள். இருபது நிமிடம் நாங்கள் பேசவில்லை. தம்பி, அறுபத்து மூன்று வருடத்தில் நான் அவ்வளவு நேரம் வாய் மூடி இருந்தது நித்திரையில் மட்டும்தான். நாக்கைக் கடித்த கடியில் இன்னும் புண் இருக்கிறது.

அப்போது பெல் அடித்தது. திரைச்சீலை நீக்கலால் பார்த்தேன், அருள்நாயகம் அண்ணையின் கொறொல்லா கார். செரீனாவின் கை ஜக்கெற்றைத் தேடியது.

நான் ஊதி மூன்றையும் அணைத்தேன். அவளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சோபாவுக்குப் பின்னால் நிலத்தில் குந்தினேன், இந்த முழங்காலோடு! வாயில் விரல் வைத்துக் காட்டினேன். அவர் மூன்று தரம் பெல் அடித்தார். போன் எடுத்தார், அடுத்த அறையில் என் போன் மேசையில் கிடந்து துள்ளியது. "பேர்ணடெற்! நான்தான்!" என்று கூப்பிட்டார். நான் அசையவில்லை. செரீனா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பிறகு பார்த்தால் அது சிரிப்பில்லை.

"எனக்காண்டித் திறக்கேல்லை, என்னம்மா?" என்றாள்.

"உனக்காண்டித்தான்" என்றேன்.

அந்த இருட்டில், நிலத்தில் இருந்தபடி, தானாகச் சொன்னாள். "அம்மா, அவர் என்னை விட்டிட்டுப் போகேல்லை. நான்தான் போனனான்." ஏன் என்பதையும் சொன்னாள். அதை உனக்கு எழுதமாட்டேன். அவள் எனக்கு மட்டும் சொன்னது. என் மடியில் தலைவைத்துப் படுத்தாள், பத்து வயதுக்குப் பிறகு இப்போதுதான்.

அடுத்த நாள் காலையில் வாசல்படியில் ஒரு கிறிஸ்மஸ் கேக் பெட்டி, மேலே ஸ்னோ மூடிக் கிடந்தது. எடுத்து உள்ளே வைத்தேன்.

உனக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. இனி மாதத்தில் ஒரு ஞாயிறு வருவாளாம். ரதிக்கும் சொல்லு, அவவின் கேக்கை நான் பழுதாக்கினாலும் அது வேலை செய்தது என்று.

ஆயிரம் முத்தங்களுடன்,
அக்கா


ஹெர்னிங்
16 பெப்ரவரி 2025

அன்பு அக்காவுக்கு,

உங்கள் கடிதம் ஜனவரி பத்தாம் திகதியே வந்தது. நாலு தரம் பதில் எழுதிக் கிழித்தேன். செரீனா வந்தது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை. அந்தப் பந்தியை மட்டும் பல தரம் வாசித்தேன்.

பிறகு ஒன்று மனதில் நின்றுவிட்டது. அருள்நாயகம் அண்ணை வாசலில் எவ்வளவு நேரம் நின்றார்? நீங்கள் எழுதவில்லை.

நான் உங்களுக்கு எல்லாம் எழுதவில்லை, அக்கா. மூன்று மணி மேசையில் நாலு பேர் என்று எழுதினேன். உண்மைதான். அந்த நாலு பேரில் நான் இல்லை. மெழுகுதிரியைக் கொளுத்திவிட்டு, கோப்பியை ஊற்றிவிட்டு, தட்டத்தோடு குசினிக்குப் போகிறவன் நான். "நன்றி, கஸ்பர்" என்பார்கள். நல்ல சனம், ஒரு குறையும் சொல்லமாட்டேன். இந்த ஊரில் வீதிக்கு நாலு கஸ்பர் இருக்கிறார்கள், என் பெயரைக் கேட்டால் முதலில் சந்தோஷப்படுவார்கள். முப்பத்திரண்டு வருடத்தில் டேனிஷ் வீடுகளுக்குள் ஐந்து தரம் போயிருக்கிறேன். அதில் மூன்று தரம் சோபா தூக்க.

வேலை முடிந்து நடந்து வரும்போது எந்த வீட்டிலும் திரை மூடியிருக்காது. உள்ளே மெழுகுதிரி எரியும், மேசையைச் சுற்றி ஆட்கள் இருப்பார்கள். உங்களுக்கு எழுதிய செய்முறையில் பாதியை நான் றோட்டில் நின்று பார்த்துத்தான் படித்தேன். அதனால்தான் வாசலில் நின்ற மனிசனை நினைத்தேன். அவர் செரீனாவுக்குச் செய்தது பிழை. நீங்கள் திறக்காமல் விட்டதும் சரி. இருந்தாலும் நினைத்தேன்.

ரதி லண்டனில் இருக்கிறாள், எங்கள் மகன் வினோதனோடு. போய் மூன்று வருடம். அவனும் என்னோடு பேசுவதில்லை. நீங்கள் போன் எடுக்கும்போதெல்லாம் ரதி குளிக்கிறாள், கடைக்குப் போனாள் என்று சொல்வேன். ஒரு மனிசி மூன்று வருடமாகக் குளிப்பாளா என்று நீங்கள் யோசிக்கவேயில்லை. ஸ்பீக்கருக்குப் பயந்துதான் கடிதம் எழுதச் சொன்னேன், கடிதத்திலும் எழுத வாய் வரவில்லை. அவளின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, அக்கா.

செரீனா கண்டது ரதி இருந்த வீடு. இப்போது இங்கே மெழுகுதிரி கொளுத்துவதில்லை. பெரிய லைற்றைத்தான் போடுகிறேன்.

கோபிக்க வேண்டாம்.

கஸ்பர்


ஸ்ரௌவ்வில்
10 மார்ச் 2025

என் தம்பிக்கு,

சுகமாக இருக்கிறாயா என்று எப்போதும் பழக்கத்துக்குத்தான் எழுதுவேன். இன்றைக்கு உண்மையாகவே கேட்கிறேன்.

மூன்று வருடம்! நீ என்ன கல்லாடா? நானும் என்ன அக்கா? முழங்கால் முழங்கால் என்று எழுதிக்கொண்டிருந்தேனே, உன்னை ஒரு வார்த்தை கேட்டேனா? கடிதத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு குளியலறைக்குள் இருந்து அழுதேன். ஒருவருக்கும் காட்டவில்லை. மாதா மேல் சத்தியம்.

அருள்நாயகம் அண்ணை பதினொரு நிமிடம் நின்றார். சோபாவுக்குப் பின்னால் இருந்து மைக்ரோவேவ் மணிக்கூட்டில் பார்த்தேன். பிறகு காருக்குள் லைற் போடாமல் இன்னும் கொஞ்ச நேரம் இருந்தார். அதை எழுத எனக்கு வெட்கமாக இருந்தது, விட்டுவிட்டேன்.

நீ கேட்ட அந்த ஒரு கேள்வியை மட்டும் செரீனாவிடம் சொன்னேன். "அவரைக் கூப்பிடுவம் அம்மா. ஆனால் ஒரே ஒரு றூல், கேள்வி கேட்கப்படாது" என்றாள். உன் டேனிஷ்காரர் மாதிரி இரண்டு கிழமைக்கு முதல் நாள் குறித்துச் சொன்னேன். நேற்று ஞாயிறு நாலு மணிக்கு வந்தார். கோட், சூட், ரை! எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "என்னண்ணை இந்தக் கோலம்?" என்றேன். "எனக்கெண்டு நாள் குறிச்சு ஒருத்தரும் கூப்பிட்டதில்லை, பிள்ளை. எல்லா இடமும் நான்தானே போறனான்" என்றார். அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தவக்காலம் என்பதால் கேக் இல்லை, கடலை அவித்தேன். மூன்று மெழுகுதிரி. மனிசன் வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார், மீன் மாதிரி. கால்மணித்தியாலத்தில் வியர்த்துப் போனார். "கேள்வி கேட்காட்டில் என்னத்தைக் கதைக்கிறதெண்டு எனக்குத் தெரியாது, பிள்ளையள்" என்றார். செரீனா அவரின் கோப்பையை நிரப்பி, "கதைக்காமல் இருங்கோ அங்கிள், பரவாயில்லை" என்றாள். இருந்தார். எழும்பும்போது, "நத்தாருக்கு நான் வந்த அண்டைக்கு நீங்கள் உள்ளைதான் இருந்தனீங்கள். முன்னாலை செரீனான்ரை கார் நிண்டது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. செரீனா, "சொறி அங்கிள்" என்றாள். "நானும்தான் பிள்ளை, அண்டைக்கு அந்த லைனிலை கேட்டதுக்கு" என்றார். வாசலில் நின்று இருவரும் அழுதார்கள். நான் கடலைச் சட்டியைக் கழுவப் போய்விட்டேன்.

இப்போது நீ. லீவைப் போட்டுவிட்டு வா. மரியோ விமான நிலையத்துக்கு வருவான். கீழ் அறையில் கட்டில் போட்டாயிற்று. ரதி ஏன் போனாள் என்று நான் கேட்கமாட்டேன். பிழை ஆரில் என்று கேட்கமாட்டேன். வினோதன் ஏன் உன்னோடு பேசுவதில்லை என்றும் கேட்கமாட்டேன். இந்த வீட்டில் ஒருத்தரும் உன்னிடம் ஒன்றும் கேட்கமாட்டார்கள். செரீனா என்னைப் பழக்கி எடுத்துவிட்டாள். வந்து பேசாமல் இரு, அது போதும்.

உன் வருகைக்குக் காத்திருக்கும்,
அக்கா


ஹெர்னிங்
29 மார்ச் 2025

அன்பு அக்காவுக்கு,

நான் சுகமா என்று உண்மையாகக் கேட்டீர்கள். இல்லை, அவ்வளவு சுகமில்லை. இப்படி எழுதியதே கொஞ்சம் சுகமாக இருக்கிறது.

ரிக்கெற் எடுத்துவிட்டேன். மே ஒன்பதாம் திகதி, வெள்ளிக்கிழமை, பின்னேரம் ஐந்து மணிக்கு ரொறன்ரோவில் இறங்குவேன். ஒரு மாத லீவு. இந்த வருடத்தோடு இந்த நாட்டில் கடிதம் கொண்டுவருவதையே நிறுத்தப்போகிறார்களாம். நல்லகாலம், அதற்குள் உங்களுக்கு எழுதிவிட்டேன்.

செரீனாவை நினைக்க எனக்குப் பெருமையாக இருக்கிறது. அவளுக்கு அந்த மேசை வேண்டியிருந்தது, ஒருவரும் ஒன்றும் கேட்காத மேசை. நீங்கள் அதைப் போட்டுக் கொடுத்தீர்கள்.

ஆனால் என்னிடம் ஒன்றும் கேட்கமாட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வாசித்துவிட்டு இரண்டு நாள் எனக்கு வேலை ஓடவில்லை. அக்கா, மூன்று வருடமாக என்னை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ரதி போன கிழமை மோதிரத்தைக் கழற்றினேன். வேலையிடத்தில் எல்லோரும் கண்டார்கள். என் மேசையில் ஒரு கோப்பி வைத்துவிட்டுப் போனார்கள். அவர்களின் மரியாதை அது, ஆளின் சொந்த விஷயத்தில் கைவைக்கமாட்டார்கள். சில வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்தால், திங்கட்கிழமை காலை வரைக்கும் நான் வாய் திறப்பதில்லை.

ஆகவே கேளுங்கள். "ஏன்டா கஸ்பர் அவள் போனவள்? நீ என்ன செய்தனி?" என்று கேளுங்கள். பெரிய லைற்றைப் போட்டுவிட்டுக் கேளுங்கள். பதில் என்னிடம் இருக்கிறது, பிழையில் பெரிய பங்கும் என்னில்தான். ஆராவது கேட்டால் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

உங்களுக்கு இப்போது கேட்கிற பழக்கம் விட்டுப்போயிருந்தால், அன்றைக்கு அருள்நாயகம் அண்ணையை வரச் சொல்லுங்கள். அவர் கேட்பார்.

தம்பி கஸ்பர்